ஒரே கல்லீரல், வெவ்வேறு உயிரணுக்கள்

பினாங்கில் டிங்கிக் காய்ச்சல் பரவும் காலத்தில் மருந்தகங்களில் அதிகம் கேட்கப்படும் மாத்திரை பாரசிட்டமால். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும் என்பதால் மருத்துவர்களும் இதையே பரிந்துரைக்கிறார்கள். அளவு மீறினால் இது கல்லீரலைச் சிதைக்கும் என்பது பலர் அறிந்ததே. ஆயினும் அச்சிதைவு எல்லா உயிரணுக்களையும் ஒருசேரத் தாக்குவதில்லை.

கல்லீரல், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமுள்ள எண்ணற்ற அறுகோணச் சிறுமடல்களால் ஆனது. குடலிலிருந்து வரும் இரத்தம் ஒவ்வொரு மடலின் ஓரத்தில் நுழைந்து, உயிரணு வரிசைகளைக் கடந்து, நடுவிலுள்ள மையச் சிரையை அடைகிறது. ஓரத்து உயிரணுக்களுக்கு உயிர்வாயு மிகுதி. நச்சை முறிக்கும் குளூட்டாதயோனும் அங்கே அதிகம். மையத்தை அடுத்த உயிரணுக்களிலோ குளூட்டாதயோன் குறைவு, ஆனால் வேற்று வேதிப்பொருள்களை மாற்றியமைக்கும் சிஒய்பி2இ1 என்னும் நொதி மிகுதி.

உடலுக்குள் செல்லும் பாரசிட்டமாலில் பெரும்பகுதி தீங்கின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு சிறு பங்கை மட்டும் இந்நொதி கடும் நச்சுள்ள இடைப்பொருளாக மாற்றுகிறது. குளூட்டாதயோன் இருக்கும்வரை அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடும். இருப்பு தீர்ந்ததும் அந்நச்சு, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு, உயிரணுவையே கொன்றுவிடுகிறது. தன்னிடமுள்ள நொதியாலேயே மைய உயிரணு மடிகிறது. அதே இரத்தத்தை அதற்கு முன்பே பெற்ற ஓரத்து உயிரணு பிழைத்துக்கொள்கிறது.

இரண்டிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். மையச் சிரையின் உட்சுவர் சுரக்கும் வின்ட் புரதங்கள், அருகிலுள்ள உயிரணுக்களில் பீட்டா-கேட்டனின் என்னும் மற்றொரு புரதத்தின் வழியாக இந்நொதிக்கான மரபணுவை இயக்குகின்றன. எலிகளின் கல்லீரலில் பீட்டா-கேட்டனினை நீக்கியபோது, அவை பாரசிட்டமால் நச்சைத் தாக்குப்பிடித்தன. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். இயங்கும் மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைத் தனித்தனி உயிரணுக்களில் அளந்து 2017இல் வெளியான எலி ஆய்வு, கல்லீரலில் இயங்கும் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு இடத்துக்கேற்ப மாறுவதைக் காட்டியது. கல்லீரலை அரைத்துச் சராசரி காணும் பழைய முறையில் இவ்வேறுபாடு புலப்படவே புலப்படாது.

அடுத்தடுத்து அமர்ந்த இரு உயிரணுக்களும்கூட ஒத்திருப்பதில்லை. மரபணுக்கள் விட்டுவிட்டே இயங்குகின்றன. சில உயிரணுக்கள் குரோமோசோம் தொகுதிகளை இரண்டுக்குப் பதில் நான்காகவோ எட்டாகவோ வைத்திருக்கின்றன. தொடர்ந்து மது அருந்துவோரிடம் சிஒய்பி2இ1 பெருகி, குளூட்டாதயோன் குறைந்துவிடுவதால், மைய உயிரணுக்களின் நிலை மேலும் மோசமாகிறது. காய்ச்சல் மாத்திரையோடு, பாரசிட்டமால் கலந்த சளி மருந்தையும் சேர்த்து விழுங்குவோர் அளவு மீறுவதை உணர்வதேயில்லை.

அளவு மீறியவருக்கு மருத்துவமனையில் தரப்படும் அசிட்டைல்சிஸ்டீன், குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்க மூலப்பொருளாகிறது. மாத்திரை உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால், மைய உயிரணுக்களின் இருப்பு வற்றுவதற்கு முன்பே அது வந்து சேர்ந்து, பெரும்பாலோரின் கல்லீரலைக் காப்பாற்றிவிடுகிறது.