ஒரு சைக்கிள், இரண்டு பேர், ஓர் ஊசி

1966-ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன். சோதனைக்கு உட்பட்டவர்களும் அவர்களேதான். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால், இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். மற்றக் காலுக்கு ஓய்வு. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. இடையிடையே இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்து, அதில் கிளைக்கோஜன் எவ்வளவு என்று அளந்தார்கள். குளுக்கோஸைக் கோத்துக் கோத்துத் தசை சேமித்து வைக்கும் எரிபொருள்தான் கிளைக்கோஜன்.

மிதித்த கால் வற்றிப்போயிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்று நாளில் அந்தக் கால் பழைய அளவைத் தாண்டி, ஓய்வில் இருந்த காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கிளைக்கோஜனைச் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சோதனையின் அழகை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இரண்டு காலுக்கும் ஒரே ரத்தம், ஒரே இன்சுலின், ஒரே சாப்பாடு. வித்தியாசம் உழைப்பில் மட்டும். அப்படியானால் காரணம் ரத்தத்தில் இல்லை, உழைத்த தசைக்குள்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது பின்னால் வந்தவர்களின் உழைப்பில் தெளிவானது. கிளைக்கோஜன் குறைந்ததும், அதைக் கட்டுகிற நொதி சுறுசுறுப்பாகிவிடுகிறது. தசை சுருங்கும்போது, குளுக்கோஸை உள்ளே விடும் குளூட்-4 என்ற புரதம் செல்லின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு வருகிறது. இதற்கு இன்சுலின்கூட வேண்டியதில்லை. பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் அந்தத் தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாக இணங்குகிறது. சரி, ஓய்வில் இருந்த கால் தன் கையிருப்பைக் களைத்த காலுக்குக் கடன் கொடுக்கலாமே? முடியாது. கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் விடுவதற்கான நொதி கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. தசைக்குள் போனது அந்தத் தசைக்கே செலவாகும்.

இத்தனைக்கும் வழி திறந்தது ஓர் ஊசி. பக்கவாட்டில் சின்னச் சாளரம் உள்ள குழல், அதற்குள் வெட்டும் இன்னொரு குழல். தோலை மரக்கச் செய்து தொடையில் செலுத்தினால், சாளரத்துக்குள் வரும் தசை துண்டாகி வெளியே வந்துவிடும். 19-ம் நூற்றாண்டிலேயே பிரான்சின் மருத்துவர் டுஷேன் இப்படி ஒன்றைச் செய்திருந்தார். 1962-ல் பெர்க்ஸ்ட்ரோம் அந்த முறைக்குப் புத்துயிர் கொடுத்தார். அதுவரை, உழைக்கும் மனிதத் தசைக்குள் நடப்பதைப் பெரும்பாலும் ரத்தத்தையும் மூச்சுக் காற்றையும் வைத்து ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

1967-ல் இந்த இருவருடன் ஹெர்மன்சன், சால்டின் என்ற ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். உணவை மாற்றினால் உழைக்கும் நேரம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனில் முக்கால்வாசி செலவாகும் வேகத்தில் மிதிக்க வேண்டும். கலப்பு உணவு சாப்பிட்டபோது சராசரியாகச் சுமார் 114 நிமிடம் தாங்கினார்கள். மாவுச்சத்தைக் குறைத்தபோது 57. கூட்டியபோது 167. தசையில் இருந்த கிளைக்கோஜனும் அதே வரிசையில் ஏறி இறங்கியது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முந்தைய நாட்களில் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும் பழக்கத்துக்கு அடிப்படை இதுதான்.

இவர்களின் தாக்கத்தை எப்படி அளப்பது? இன்று பரவலாக இருப்பது எச்-குறியீடு. 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது. ஒருவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. 41-க்குப் போக, 41 கட்டுரைகள் 41 முறையாவது மேற்கோள் பெற வேண்டும். ஒரே ஒரு கட்டுரை ஒரு துறையையே புரட்டிப் போட்டாலும் இந்த எண் அதை ஒன்றாகத்தான் எண்ணும். இன்னொரு குறையும் உண்டு. கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்ப் பொது அறிவாகிவிட்டால், அதற்கு மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 'உழைப்புக்குப் பின் தசை கிளைக்கோஜனைக் கூடுதலாகச் சேர்க்கும்' என்று எழுதுகிறவர் 1966-ஐ நினைக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் இருவரின் கணக்கிலும் எதுவும் ஏறாது.

எனக்கு, எண்ணைவிட அந்த ஊசி போன வழி முக்கியமாகப் படுகிறது. 1992-ல் ஹாரிஸ், சோடர்லுண்ட் ஆகியோருடன் ஹுல்ட்மன் மறுபடி தசைத் துணுக்குகளைப் பரிசோதித்தார். இந்த முறை கேள்வி, தசையின் உடனடி ஆற்றலுக்கு உதவும் கிரியேட்டின் என்ற பொருளைப் பற்றியது. தினமும் 20 முதல் 30 கிராம் வரை சில நாட்கள் சாப்பிட்டவர்களின் தசையில் கிரியேட்டின் கூடியிருந்தது. சிலர் அந்த நாட்களில் ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்தார்கள். உழைத்த காலில் இன்னும் அதிகமாகக் கூடியிருந்தது.