நள்ளிரவுச் சாப்பாடும் உடலின் கடிகாரங்களும்

கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் மூன்று ஷிப்டுகளில் மாறிமாறி வேலை பார்ப்பவர்களிடம் உடல்நிலையைக் கேட்டால், தூக்கம் போதவில்லை என்பதையே முதலில் சொல்வார்கள். ஆனால் இரவு வேலை உடலைக் கெடுக்கும் வழிகளில் தூக்கக் குறைவு ஒன்று மட்டுமே.

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல், கணையம் முதலிய உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை தலைமைக் கடிகாரத்தைப் பின்பற்றுபவை என்றாலும், உணவு வரும் நேரத்துக்கும் இசைந்து மாறக்கூடியவை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இரவு 2 மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து சோறு உண்ணும் தொழிலாளியின் மூளைக்கு அது இன்னும் உறங்கும் நேரம். அப்போது சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துவதால், பகலில் உண்ட அதே அளவுச் சோறு இரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. அந்தச் சர்க்கரை இறங்கவும் அதிக நேரமாகிறது. அமெரிக்காவில் 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரவு வேலை போன்ற சூழலை உண்டாக்கி நடத்திய ஆய்வொன்று 2021இல் வெளியானது. இரவிலும் உண்டவர்களின் சராசரிச் சர்க்கரை அளவு 6.4 விழுக்காடு உயர்ந்தது. அதே போல இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டுமே உண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. ஆகவே, வேலைக்குப் புறப்படுமுன் வயிறார உண்டுவிட்டு, நள்ளிரவுக்குப்பின் பரோட்டா போன்ற கனமான உணவைத் தவிர்ப்பது பயன்தரும்.

காலையில் வீடு திரும்பும் வழியில் படும் வெயில், இது பகல்தான் என்று தலைமைக் கடிகாரத்துக்கு உறுதிசெய்துவிடுகிறது. உடல் வெப்பமும் ஏறத் தொடங்கும் அந்த நேரத்தில் படுத்தால் ஆழ்ந்த தூக்கம் நீடிப்பதில்லை. பகலில் படுத்துக் கிடப்பதைச் சோம்பல் என்று வீட்டார் குறைகூறுவது அநியாயம். இரவு வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் சேர்த்து, 2019இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. இதய நோய்க்கும் இதனோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

நிர்வாகம் செய்யக்கூடியதும் உண்டு. மனிதரின் உட்கடிகாரச் சுற்று பெரும்பாலும் 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதால், தூக்கத்தை முன்னதாக்குவதைவிடத் தள்ளிப்போடுவது உடலுக்கு எளிது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்டை மாற்றினால் உடல் ஓரளவேனும் ஈடுகொடுக்கும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்குமாகத் திருப்பினால் அதுவும் இயலாது.