உங்கள் ஊர் ஏரி ‘ஈரநிலம்’ ஆகுமா? 2017 விதிகள் சொல்வது என்ன

ஏரிக்குள் லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள் என்றதும், ‘ஈரநில விதிப்படி புகார் கொடுங்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதுவார்கள். சரி, கொடுக்கலாம். ஆனால் அந்த விதி உங்கள் ஏரிக்குப் பொருந்துமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான ஏரிகளுக்குப் பொருந்தாது.

ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகளை, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு 2017 செப்டம்பரில் வெளியிட்டது. ராம்சர் பட்டியலில் (ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கும் இடங்களுக்கும், அரசு தனியாக அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும்தான் அவை செல்லும். ஆறு, நெல்வயல், குடிநீருக்கென வெட்டிய நீர்நிலை, உப்பளம், இறால் பண்ணை, பாசனத்துக்கென்றே கட்டியவை எல்லாம் வரையறைக்கு வெளியே. கரை போட்டு மடை வைத்து முன்னோர் கட்டிய ஏரியும் கண்மாயும் இந்தக் கடைசி வகையில் போய் விழுகின்றன. அங்கே நாரையும் தாராவும் எத்தனை தலைமுறையாக வந்து போனாலும் கணக்கில்லை. இதை நான் விதியின் பெரிய ஓட்டையாகவே பார்க்கிறேன்.

வனச் சட்டம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஆகியவற்றுக்குள் வரும் பகுதிகளுக்கும் இந்த விதிகள் கிடையாது. அந்தந்தச் சட்டமே பார்த்துக்கொள்ளும். வேடந்தாங்கல் ராம்சர் தலம்தான். ஆனால் பறவைகள் சரணாலயம் என்பதால், அங்கே பிரச்சினை என்றால் வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பார்த்தால் சிக்கல் புரியும். 2022-ல் ராம்சர் தலமானபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். அதில் காப்புக்காடாக இருப்பது ஏறத்தாழ 700 ஹெக்டேர். அந்தப் பகுதியை வனச் சட்டம் காக்கும். வேலிக்கு இந்தப் பக்கம், கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் மிச்சத்துக்கு 2017 விதிகள்தான் துணை. ஆனால் எல்லை எங்கே என்று சர்வே எண் வாரியாகத் தெரிந்தால்தான் அந்தத் துணை பயன்படும். அதனால்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில், எல்லை நிர்ணயம் முடியும் வரை ராம்சர் பரப்பிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டரிலும் கட்டுமானத் திட்ட அனுமதி தரக் கூடாது என்றது.

விதிகள் தடை செய்பவை: ஆக்கிரமிப்பு, வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, புதுத் தொழிற்சாலை, இருப்பதை விரிவாக்குவது, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீர் விடுவது, வேட்டை. படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானமும் கூடாது. விதிகள் வந்த நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டர் வரை இந்தத் தடை நீளும். சென்னையைப் பொறுத்தவரை 2015 டிசம்பர் வெள்ளமும் அந்தக் கணக்கில் வரும்.

மீறினால்? முன்பு 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஏப்ரலில் அது போய், 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை பணத்தண்டனை என்றானது. கோடிகளில் புரளும் மனை வியாபாரத்தில் 15 லட்சம் பெரிய தொகையா என்ன?

புதிதாக ஓர் ஈரநிலத்தை அறிவிக்க வேண்டுமானால் மாநில ஈரநில ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். அப்புறம் அரசு வரைவு அறிவிக்கை வெளியிடும். ஆட்சேபம், கருத்து சொல்ல 60 நாள். பரிந்துரை வந்த 240 நாளுக்குள் இறுதி அறிவிக்கை வர வேண்டும். அந்த 60 நாளை விட்டுவிடாதீர்கள். மீன்பிடி, மேய்ச்சல், கோரை அறுப்பு என்று உங்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்ய அதுதான் நேரம்.

பட்டியலில் இல்லாத பாசன ஏரி என்றால்? நீர்வளத்துறை ஏரியாக இருந்தால் 2007-ன் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. வேறு அரசுப் புறம்போக்கு என்றால் வட்டாட்சியரிடம் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி மனு கொடுக்கலாம். எங்கே போவதானாலும் ‘அ’ பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல், புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), தேதி தெரியும் புகைப்படம் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போகும் எண்ணம் இருந்தால், பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும்.