பிரேக் ஆயிலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

பட்டறையில் எல்லோரும் ‘பிரேக் ஆயில்’ என்றே சொன்னாலும், பெரும்பாலான கார்களில் இருக்கும் அந்தத் திரவம் எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்களால் ஆன அது, எண்ணெய்க்கு நேர்மாறாக, தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். மூடியை எவ்வளவு இறுக்கி வைத்தாலும், ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகக் காற்றின் ஈரம் ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது.

பெடலை மிதிக்கும்போது, அதோடு இணைந்து திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் சக்கரங்கள்வரை அப்படியே போய்ச் சேர்வதற்குக் காரணம், திரவம் அழுத்தினால் சுருங்காது என்பதுதான். ஆவியோ நன்றாகவே சுருங்கும். பிரேக் திரவத்தின் தரவகைகளில் ஒன்றான டாட் 3 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரவிதி; ஏறத்தாழ 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் 140 டிகிரி இருந்தாலே போதும். டாட் 4 திரவத்துக்கு இவை 230, 155.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கையே நம்பி இறங்கும் பழைய காரை எண்ணிப் பாருங்கள். சக்கரத் தட்டை உரசி நிறுத்தும் பேடுகளில் பிறக்கும் சூடு, அவற்றைத் தள்ளும் பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குள் ஏறுகிறது. மிதித்திருக்கும்வரை அழுத்தத்தால் அடங்கியிருக்கும் அந்தச் சூடான திரவம், காலை எடுத்ததும் அழுத்தம் விலகுவதால் கொதித்துக் குமிழி விடக்கூடும். அடுத்த வளைவில் மிதிக்கும்போது பெடல் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே தரைவரை போய்விடும். சமவெளியில் ஒரு குறையும் காட்டாத பிரேக் மலையில் கைவிடுவது இதனால்தான். டிக்காஷன் போலக் கறுத்த திரவத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் தெளிவாக இருப்பதில் ஈரம் இல்லை என்று நம்பிவிடக் கூடாது, தண்ணீருக்கு நிறமில்லை. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

வீட்டில் மாற்ற இருவர் வேண்டும். காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, கையேடு சொல்லும் சக்கர வரிசையில், சக்கரப் பிரேக்கில் திரவத்தை வெளியேற்ற உள்ள சிறு திருகான நிப்பிளில் மாட்டிய, கண்ணாடி போன்ற குழாயின் மறுமுனையைச் சிறிது புதுத் திரவம் உள்ள புட்டியில் அமிழ்த்தி வைக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் தளர்த்தித் திரவத்தை வெளியேற்றி, அதை மூடிய பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். குழாயில் கறுப்பு வெளுத்து இளமஞ்சள் தெரியும்வரை இது தொடரும். மாஸ்டர் சிலிண்டரின் திரவத் தொட்டி ஒருபோதும் வற்றாதபடி புதுத் திரவத்தை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய கார் என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். துருப்பிடித்த நிப்பிள் எளிதில் உடையும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை அதன் மரையில் மட்டும் விட்டு, ரிங் ஸ்பேனரால் பொறுமையாகத் திருப்ப வேண்டும். ஆனால் அந்த எண்ணெயின் ஒரு துளிகூடத் திரவத்தில் கலக்கக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிவிடும். அடுத்தது பலருக்கும் தெரியாதது: பெடலைத் தரைவரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரின் சீல் இத்தனை ஆண்டுகளாகப் போகாத, துருவும் கசடும் படிந்த பகுதியில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் அது அவ்வளவு தூரம் போகாது.