சொல் விளக்கம்: மலிவு விலை லைவ் ஆல்பம்

கிங் கிரிம்சன் என்ற ராக் இசைக் குழுவின் 'எர்த்பவுண்ட்' போன்ற ஒரு 'பட்ஜெட் லைவ் கம்பைலேஷன் ஆல்ப'த்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம், முதலில் 'ஆல்பம்'. வீட்டில் யாராவது "அந்த ஆல்பத்தை எடு" என்றால் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பம்தான் வரும். இசை பற்றிய பேச்சில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள். அதிலும் இப்போது ஒரு கூத்து நடக்கிறது. சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டை "ஆல்பம் பாட்டு" என்கிறோம். பல பாடல்கள் சேர்ந்தது என்ற பொருளே போய், 'படத்தில் இல்லாதது' என்று ஆகிவிட்டது. சொல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான் வேலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதிப் பொது இடத்தில் வைத்த வெள்ளைப் பலகைக்கு ஆல்பம் என்று பெயர். செனட் உறுப்பினர் பட்டியலும் ஆல்பம்தான். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்க வெற்றுத்தாள் புத்தகம் வைத்திருந்தார்கள். நம் கல்லூரிக் கடைசி நாள் ஆட்டோகிராஃப் நோட்டுக்கு அது கொள்ளுத்தாத்தா. அதற்கும் இந்தப் பெயர் போனது, பிறகு புகைப்படம் செருகும் புத்தகத்துக்கும் வந்தது.

இசைக்கு வந்த கதை இன்னும் சுவையானது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கொள்ளும். நீண்ட சிம்பொனியை நாலைந்து தட்டுகளாக உடைத்து, காகித உறைகளை வரிசையாகத் தைத்த கனமான அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். பார்க்க போட்டோ ஆல்பம் போலவே இருந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தபோது, ஒரு புத்தகமே ஒற்றைத் தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போனது, ஆல்பம் என்ற பெயர் நின்றது. 1968இல் பீட்டில்ஸ் வெளியிட்ட வெறும் வெள்ளை அட்டைத் தொகுப்பை உலகமே 'வெள்ளை ஆல்பம்' என்கிறது. வேர்ச்சொல் பார்த்தால் 'வெள்ளை வெள்ளை'. நடு சென்டர் மாதிரி.

தமிழில் 'இசைத்தொகுப்பு' நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 'இறுவட்டு', 'குறுந்தகடு', 'ஒலிப்பேழை' ஆகியவற்றை ஆல்பத்துக்கு ஈடாக எழுதுவது தவறு. அவை இசை ஏறியிருக்கும் பொருளின் பெயர்கள். சோற்றைத் தட்டு என்று சொல்வோமா?

அடுத்து 'லைவ்'. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வானொலியில் இசைத்தட்டுப் போட ஆரம்பிக்கும் வரை இந்தச் சொல்லுக்கு இசையில் வேலையே இல்லை. எல்லாமே நேரில் பாடியதுதான். பதிவு என்று ஒன்று வந்த பிறகுதான் 'பதிவு அல்லாதது' என்று பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. அப்புறம் அந்தப் பதிவு அல்லாததையே பதிவு செய்து விற்றார்கள், அதற்கும் அதே பெயர். ஆங்கிலத்திலேயே இது முரண்தான். அதை 'நேரலை ஆல்பம்' என்று தமிழில் எழுதும்போது முரண் இரட்டிப்பாகிறது. நேரலை என்பது நடக்கும் அந்த நொடியில் அலையேறி வருவது, கிரிக்கெட் போல. 1972இல் பாடியதை இன்று கேட்பது எப்படி நேரலை ஆகும்? 'மேடைப் பதிவு' என்பதே சரி. சென்னை ரசிகர்கள் பல காலமாகச் சொல்லிவரும் 'கச்சேரிப் பதிவு'ம் அதே பொருள்தான். இலங்கை வாசகருக்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு வரலாம், அங்கே கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்.

மூன்றாவது, பல இடத்துப் பாடல்களைச் சேர்த்துக் கோப்பதைச் சொல்லும் 'கம்பைலேஷன்'. அதற்கு மூலமான லத்தீன் வினைக்குப் பொருள், கொள்ளையடித்தல். பிறர் எழுதியதை அள்ளிக் கோப்பதைத் திட்டுவதற்குப் பயன்பட்ட சொல் பிற்பாடு மரியாதை பெற்றுவிட்டது. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. 'தொகை' இருக்கிறது, 'திரட்டு' இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி. தொகைக்கு ஒரு விதி உண்டு. குறுந்தொகை என்றால் 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. திரட்டு அப்படியல்ல, சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்ப்பது. பழைய அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை என நான்காகப் பிரிக்கிறது. தனித்து நிற்கும் ஒற்றைப் பாட்டு முத்தகம். 'ஆல்பம் பாட்டு' என்கிறோமே, அதற்கு இதுதான் பெயர். ஒரே கதையோ கருத்தோ முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஓடும் இசைத்தொகுப்பு தொடர்நிலை. நம்மிடம் சொல் இல்லை என்று புலம்புவதற்கு முன் அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.

மேடைப் பதிவு, திரட்டு இரண்டும் ஒன்றாகச் சேர்வதற்கு நல்ல சான்று, கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேயக் குழு 1972இல் வெளியிட்ட 'எர்த்பவுண்ட்'. ராபர்ட் ஃபிரிப், மெல் காலின்ஸ், பாஸ் பர்ரெல், இயன் வாலஸ் என நால்வர். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவைச் சுற்றியபோது வில்மிங்டன், ஜாக்சன்வில், ஆர்லாண்டோ, பியோரியா ஆகிய ஊர்களில் வாசித்ததிலிருந்து ஐந்து உருப்படிகள். ஒன்றுக்கு ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார்கள், 'பியோரியா'. ஒரே இரவின் கச்சேரி அல்ல, பல இரவுகளின் திரட்டு.

பெரிய பதிவு வண்டி எதுவும் கிடையாது. ஒலிக்கலவைப் பலகையிலிருந்து கம்பி இழுத்து ஒரு சாதாரண கேசட்டில் பதிந்தது. ஒலி கரகரக்கும், பாட்டு மங்கலாகக் கேட்கும். சரக்கு சரியில்லை என்று அமெரிக்காவில் வெளியிட அட்லாண்டிக் நிறுவனம் மறுத்துவிட்டது. பிரிட்டனில் ஐலண்ட் நிறுவனம் 'ஹெல்ப்' என்ற தன் மலிவு விலை வரிசையில் விட்டது. அதற்குள் குழுவும் கலைந்துவிட்டது. ஆனால் இந்த நால்வரும் மேடையில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு நெடுநாள் ரசிகர் கையில் இருந்தது இந்தக் கேசட் இசைதான். நம் பழைய நூல் முத்தொள்ளாயிரத்தின் கதையும் இப்படித்தான், அது முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த நூற்றுச் சொச்சம் பாடல்களும் பெரும்பாலும் புறத்திரட்டு என்ற திரட்டு நூல் காப்பாற்றிக் கொடுத்தவை. கொள்ளை என்ற வேர்ச்சொல்லைவிடத் 'திரட்டு'தான் இங்கே நியாயமாகப் படுகிறது.

இந்த மலிவு விலையைத்தான் ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' என்கிறார்கள். அதன் மூலச்சொல் பழைய பிரெஞ்சில் சிறிய தோல் பை. பிரிட்டிஷ் நிதியமைச்சர் பையைத் திறக்கிறார் என்று 1733இல் கிண்டலடித்ததிலிருந்து அரசுக் கணக்குக்கு வந்தது, பிறகு பைக்குள் அடங்கும் விலை என்றும் ஆனது. நமக்கு 'மலிவு' போதும். மலி என்றால் நிறைதல், பெருகுதல். சந்தையில் நிறைய வந்தால் விலை இறங்கும், அதனால் மலிவு. பொருளியலையே உள்ளே வைத்திருக்கும் சொல். மட்டம் என்ற இழிவும் அதில் கட்டாயமில்லை. 'மலிவு விலைப் பதிப்பு' என்று அட்டையில் அச்சிட்டு நல்ல புத்தகங்கள் நம்மிடம் எத்தனையோ வந்திருக்கின்றன.

கிங் கிரிம்சன் வாசித்த இசை வகையான 'புரோகிரசிவ் ராக்'கை மட்டும் நான் மொழிபெயர்க்க மாட்டேன். 'முற்போக்கு' என்றால் இங்கே எழுத்தாளர் சங்கமும் இடதுசாரி மேடையும்தான் நினைவுக்கு வரும். இருபது நிமிடப் பாட்டும் மாறிக்கொண்டே போகும் தாளமும் வராது. 'பாறை இசை' என்று எழுதியவர்களும் உண்டு, அவர்களை மன்னித்துவிடலாம். இசை வகையின் பெயர் ஆள் பெயர் மாதிரி, இருந்தபடியே இருக்கட்டும்.

ஆக, 'எர்த்பவுண்ட்' பற்றித் தமிழில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் நான் இப்படி எழுதுவேன்: கிங் கிரிம்சன் என்ற புரோகிரசிவ் ராக் குழுவின் மலிவு விலை மேடைப் பதிவுத் திரட்டு, 1972. பேச்சில் யாராவது லைவ் ஆல்பம் என்றால் திருத்தப் போக மாட்டேன்.