டாங்கர்ட்: சொல்லும் கலமும்

ஆங்கிலக் கதைகளின் மொழிபெயர்ப்புகளில், பீர் குடிக்கும் பழைய மரக் குவளையான 'டாங்கர்ட்' (tankard) பெரும்பாலும் 'கோப்பை' ஆகிவிடுகிறது. அதோடு மரமும் போகிறது, கைப்பிடியும் போகிறது.

பீப்பாய் செய்வதுபோல் சிறு மரப்பலகைகளை வட்டமாக நிறுத்தி, வளையம் பூட்டி, ஒரு பக்கம் கைப்பிடி வைத்த குவளை இது. மூடி போட்டவையும் உண்டு. 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் இத்தகைய மரக் குவளைகள் கிடைத்தன. அந்தக் காலக் கப்பலாளுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த பீர் ஒரு கேலன், ஏறத்தாழ 4.5 லிட்டர்.

இவ்வளவு குடித்தும் எப்படி வேலை செய்தார்கள்? அன்றாடம் குடித்தது பெரும்பாலும் மென்மையானது. முளைகட்டிய பார்லியில் வெந்நீர் ஊற்றி முதலில் வடித்தது கெட்டி. தேங்காயில் இரண்டாம் பால் எடுப்பதுபோல, அதே பார்லியில் மறுபடி நீர் ஊற்றி வடித்தது 'ஸ்மால் பீர்'. குழந்தைகளும் வேலையாட்களும் அதைக் குடித்தார்கள். பீரைக் கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூ சேராத பழைய வகைப் பீரான 'ஏல்' சில நாளிலேயே புளித்துவிடும். அதனால் அடிக்கடி காய்ச்ச வேண்டியிருந்தது. பல வீடுகளில் அது பெண்கள் வேலை.

தண்ணீர் கெட்டுக் கிடந்ததால்தான் ஏல் குடித்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டாங்கர்ட் என்ற சொல்லே அதற்கு எதிர்ச்சாட்சி. தொடக்கத்தில் அது குடிக்கும் கலமே அல்ல. தண்ணீர் சுமக்கும் பெரிய மரத்தொட்டி. லண்டனில் 13ஆம் நூற்றாண்டில் குழாய்வழி நீர் கொண்டுவந்தபின், அதை டாங்கர்டில் பிடித்து வீடு வீடாகச் சுமந்து விற்றவர்கள் இருந்தார்கள். குடிகலம் என்ற பொருள் பிறகு ஏறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மரத்தால் ஆன கலத்துக்கு நம்மிடம் 'மரவை' இருக்கிறது. ஒரே கட்டையில் கடைந்தெடுத்த 'மேசர்' கிண்ணத்துக்கு அது அப்படியே பொருந்தும். டாங்கர்டுக்குக் கைப்பிடியையும் சேர்த்துப் 'பிடிமரவை' என்பேன்.

ஏலுக்குக் 'கள்' என்றால் வாசகர் பனைமரத்தைத்தான் நினைப்பார். பெரும்பாணாற்றுப்படை, வீட்டில் சமைத்த கள்ளைத் 'தோப்பி' என்கிறது; உரைகாரர்கள் அதை நெல்லால் சமைத்த கள் என்பார்கள். தானியம், வீட்டு அடுப்பு இரண்டும் அதில் இருக்கின்றன. 'டாங்கர்டில் ஏல் குடித்தான்' என்பதைப் 'பிடிமரவையில் தோப்பி குடித்தான்' என்று எழுதலாம்.