இலவச ரிமோட் மென்பொருள்: அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா?

இன்னொரு கணினியைத் தூரத்திலிருந்து இயக்க இலவச மென்பொருள் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கணினி முன்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்களா என்பதைத்தான். ஊரிலிருக்கும் அப்பாவின் லேப்டாப்பில் பிரிண்டரைச் சரிசெய்ய ஒருமுறை கோட் போதும். பூட்டிய அலுவலகத்தில் ஓடும் டேலி கணினியை இரவில் வீட்டிலிருந்து திறக்க நிரந்தரப் பாஸ்வேர்டு வேண்டும். முதல் வேலைக்காக நிறுவிவிட்டு, இரண்டாவது வேலைக்கான கதவையும் சேர்த்துத் திறந்துவைப்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

எதிரே ஆள் இருந்து, இரு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் மைக்ரோசாஃப்ட்டின் குயிக் அசிஸ்ட் போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உதவுபவருக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. அவர் தரும் கோட் 10 நிமிடத்தில் காலாவதியாகும். அட்மின் அனுமதி கேட்கும் பெட்டி வந்ததும் உதவுபவரின் திரை கறுத்துவிடும். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். வெளியாள் தொடக்கூடாது என்பதற்காக விண்டோஸ் அந்தப் பெட்டியைத் தனித் திரையில் காட்டுகிறது. எதிரே இருப்பவர் ‘எஸ்’ கொடுத்தால் படம் திரும்பிவிடும். எனிடெஸ்க் என்ற இன்னொரு ரிமோட் மென்பொருளை நிறுவாமல் அப்படியே ஓட்டினாலும் இதே கதைதான். அதனால் போனை வைக்காமல் பேசிக்கொண்டே செய்வது நல்லது.

மேக் அல்லது லினக்ஸ் கலந்திருந்தால் கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் சுலபம். உதவி கேட்பவர் 12 இலக்கக் கோட் சொல்வார்; அவ்வப்போது ‘இன்னும் தொடரலாமா’ என்று அவர் திரையில் கேட்கும், அதையும் அவர்தான் அழுத்த வேண்டும். மேக்கில் ‘ஸ்கிரீன் ரெக்கார்டிங்’ அனுமதி தராவிட்டால் வால்பேப்பர் மட்டும்தான் தெரியும். ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதி தராவிட்டால் எல்லாம் தெரியும், மவுஸ் மட்டும் நகராது.

டீம்வியூவர் என்ற ரிமோட் மென்பொருளும் எனிடெஸ்க்கும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். வாடிக்கையாளர் கணினிகளுக்குள் அடிக்கடி போய்வந்தால் வணிகப் பயன்பாடு என்று சந்தேகித்து இணைப்பைப் பாதியில் துண்டிக்கும். கடைக்கோ ஆடிட்டர் அலுவலகத்துக்கோ இவற்றின் இலவசப் பதிப்பை நம்ப வேண்டாம். பென்டிரைவில் கிடக்கும் பழைய எனிடெஸ்க்கையும் அழித்துவிடுங்கள். தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை அந்நிறுவனமே 2024 பிப்ரவரியில் அறிவித்து, மென்பொருள் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை மாற்றியது.

மோசடிக்காரர்களுக்கு இந்த மென்பொருள்களில் ஓட்டை எதுவும் தேவைப்படுவதில்லை. இணைப்புக் கோட் எண்ணை நாமே வாசித்துக் காட்டிவிடுகிறோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் நிறுவவைப்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. குயிக் அசிஸ்ட்டை வைத்து ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும்) கும்பல் உள்ளே வருவதாக 2024ல் மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. போனில் திரையைப் பகிர்ந்தால் வரும் ஓடிபியும் அவர்கள் கண்ணில் படும். மாட்டிக்கொண்டால் முதல் வேலை நெட்டைத் துண்டிப்பது. ஆப்பை நீக்குவதெல்லாம் அப்புறம். பிறகு வேறொரு கருவியிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்லி, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

ஆளில்லாத கணினிக்கு வருவோம். விண்டோஸ் புரோவில் இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் நன்றாகவே ஓடும் (ஹோம் பதிப்பு உள்ளே வரும் இணைப்பை ஏற்காது). ஆனால் ரவுட்டரில் அது பயன்படுத்தும் 3389 போர்ட்டை (இணைப்பு நுழையும் வாசல் எண்) இணையத்துக்குத் திறந்துவிடுவது மட்டும் கூடாது. போர்ட் எண்ணை மாற்றிவைப்பதால் பயனில்லை. எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை) வழியாக மட்டும் உள்ளே வாருங்கள். விஎன்சி என்ற பழைய ரிமோட் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான்: அதன் பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துகளுக்கு மேல் கணக்கிலேயே வராது.

சின்ன அலுவலகத்துக்கு எங்கள் தேர்வு ரஸ்ட்டெஸ்க். திறந்த மூலம், சர்வரையும் நாமே வைத்துக்கொள்ளலாம். சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் இணைய சர்வர்) ஒன்று போதும். எச்பிபிஎஸ், எச்பிபிஆர் என்ற இரண்டு நிரல்கள் அதில் ஓட வேண்டும்: முன்னது ஒவ்வொரு கணினியின் ஐடியைப் பதிவுசெய்யும், பின்னது நேரடியாகச் சேர முடியாத இணைப்பைக் கடத்திவிடும். டிசிபி, யுடிபி என்பவை இணையத்தில் தரவு போகும் இரு முறைகள். சர்வரின் ஃபயர்வாலில் டிசிபி போர்ட் 21115 முதல் 21117 வரை திறந்துவிட்டு, யுடிபி போர்ட் 21116ஐத் திறக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. ஐடி பதிவாவது அந்த யுடிபி வழியாகத்தான். அது இல்லாமல் ‘ரெடி’ என்றே வராது. சர்வரில் உருவாகும் பொதுச் சாவியை இரு பக்கத்துக் கணினியிலும் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஒரு எழுத்து விடுபட்டாலும் இணையாது. கையால் தட்டாமல் நகலெடுங்கள். நிரந்தரப் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

இவ்வளவு செய்தபின்னும் கணினி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் முதலில் ஸ்லீப் அமைப்பைப் பாருங்கள். அதை ‘நெவர்’ ஆக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாக எழ, பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பு) மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும்படி வைக்க வேண்டும். மானிட்டரைக் கழற்றிய கணினியில் திரை கறுப்பாகவோ சின்னதாகவோ தெரிந்தால், மானிட்டர் இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும்.